உப்புக் காற்றில் ஓர் அம்பாசடர்

நாங்கள் போன வண்டி எழுபதுகளின் நடுவில் வாங்கிய அம்பாசடர். அதன் பானட்டுக்குள் உட்கார்ந்திருந்த எஞ்சின் இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஆகவே இது கலப்பு மணம் ஆகாது என்று நண்பர் திருவான்மியூரிலிருந்தே வாதாடிக்கொண்டு வந்தார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1957-இல் அம்பாசடராகச் செய்யத் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 2014 மே மாதம் அந்த ஆலையை நிறுத்தும்வரை உடம்பைப் பெரிதாக மாற்றவில்லை. மாற்றியதெல்லாம் உள்ளே இருந்ததைத்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது அதே எஞ்சினுக்குக் கார்புரேட்டரை நீக்கி, கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறையை வைத்தார்கள். அதாவது, ஐம்பதுகளில் வரைந்த தகர உடம்புக்குள் ஒரு கம்ப்யூட்டரை முதலில் குடியேற்றியது மெக்கானிக் ஷெட்காரர்கள் அல்ல, கம்பெனியே. நண்பர் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்தது அப்படி ஒரு எஞ்சினை. வயரிங் செட், கம்ப்யூட்டர், சென்சார் எல்லாம் சேர்த்தே கழற்றி வாங்கியிருந்தார்.

வண்டி அவருடைய அப்பா ஓட்டியது. சொந்த ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்துக் கிராமம். உப்பு வியாபாரத்துக்காகத் திண்டிவனம், செங்கல்பட்டு என்று அலைந்த வண்டி, பின்னர் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டது. அதை எழுப்பி ஊருக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அதுவும் மே மாதம் உப்பு வாரும் சமயத்தில் போய் இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு உப்பளம் பார்க்க ஆசை. கிளம்பிவிட்டோம்.

மாமல்லபுரம்வரை சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் பார்த்த சாலை. கல்பாக்கம் தாண்டி வாயலூரில் பாலாற்றைக் கடந்ததும் கூட்டம் குறைந்து, சவுக்குத் தோப்பும் முந்திரியும் தொடங்குகின்றன. முதலியார்குப்பத்தில் ஓதியூர்க் காயல் இடப்பக்கம் விரிகிறது. காற்று பிசுபிசுக்க ஆரம்பிப்பதும் அங்கேதான். கைக்குட்டையால் முகம் துடைத்தால் சற்று நேரத்தில் உதட்டில் கரிக்கிறது. எங்கள் அம்பாசடரில் ஏ.சி. கிடையாது, கண்ணாடியை இறக்கித்தான் ஆக வேண்டும். நமக்குக் கிடைத்த காற்று முழுவதும் பானட்டுக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது.

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பினோம். பதினெட்டாம் நூற்றாண்டில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கோட்டை. 1750-இல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. இடித்தது போக மிச்சத்தைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. செங்கல்லின் உள்ளே இறங்கிய உப்பு வெளியே வந்து பூத்து, முகத்தைத் தோல் தோலாக உரிக்கிறது. இரண்டரை நூற்றாண்டுச் சுவருக்கே இந்தக் கதி என்றால் தகரத்துக்கு என்ன என்று பேசிக்கொண்டே திரும்பி வந்து சாவியைத் திருகியபோது, டேஷ்போர்டில் நண்பர் புதிதாகப் பொருத்தியிருந்த, எஞ்சின் கோளாறைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. எஞ்சின் குலுங்கியது. பின்னால் கறுப்புப் புகை, மூக்கில் பச்சைப் பெட்ரோல் நாற்றம். மரக்காணம் இன்னும் கொஞ்சம் தூரம்தான். மெதுவாக உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

திண்டிவனம் சாலையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. உப்பு லாரி, டிராக்டர், மீன்பிடிப் படகு எஞ்சின் என்று எல்லாவற்றையும் பார்க்கும் பெரியவர். அம்பாசடரைக் கண்டதும் முகம் மலர்ந்தார். பானட்டைத் திறந்து காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நண்பரைப் பார்த்து, “கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு தம்பி. அதுகிட்ட யாரோ பொய் சொல்றாங்க. யாருன்னு பார்க்கணும்” என்றார்.

இங்கே வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஞ்சின் இருக்கும் இடத்துக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் இரும்புத் தகட்டை ஃபயர்வால் என்கிறார்கள். தீ, புகை, சூடு, தண்ணீர் எதுவும் அதைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. ஆனால் ஸ்டியரிங் தண்டும் பெடல்களும் ஸ்பீடோமீட்டர் கேபிளும் சோக் கம்பியும் வயர்களும் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பழைய அம்பாசடரில் வயர்களுக்கான வேலை குறைவு. ஹெட்லைட், ஹாரன், டைனமோ, இக்னிஷன் காயில், ஆயில் விளக்கு. இரண்டே ஃபியூஸ். எல்லா வயரும் சேர்ந்து கட்டைவிரல் தடிமன்தான் வரும். அந்தத் தடிமனுக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு ரப்பர் புஷ், வேலை முடிந்தது. எஞ்சின் ஓடுவதற்குக் காயிலுக்குப் போகும் ஒரே ஒரு வயரில் கரன்ட் இருந்தால் போதும். அதிலும் கால் வோல்ட் குறைந்தால் எஞ்சினுக்குத் தெரியாது.

எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் அப்படியல்ல. கிராங்க் எங்கே நிற்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் சென்சார். பதில் சொல்ல இன்ஜெக்டர்கள், காயில், பெட்ரோல் பம்ப் ரிலே. இத்தனை வயர்களும் ஒரே கட்டாகத் திரண்டு, கடைசியில் உள்ளங்கை நீளமுள்ள பிளாஸ்டிக் கனெக்டரில் போய் முடிகின்றன. கம்ப்யூட்டரைச் சூட்டுக்கும் தண்ணீருக்கும் அஞ்சி உள்ளே, டேஷ்போர்டுக்கு அடியில் வைக்க வேண்டும். கனெக்டரோ மோரிஸ்காரர்கள் விட்டுப்போன துளையைப்போல மூன்று மடங்கு பெரியது. பழைய காருக்குப் புது எஞ்சின் வைக்கும் எல்லோரும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது. எஞ்சினைத் தூக்கி வைப்பது பலத்தால் முடிகிற காரியம். இந்தத் துளை புத்தியைக் கேட்கும்.

நண்பருக்கு வேலை செய்துகொடுத்த பட்டறையில் சுலபமான வழியைப் பிடித்திருந்தார்கள். கட்டரால் தகட்டைப் பெரிதாக அறுத்து, கனெக்டரை அப்படியே நுழைத்து, மிச்ச இடைவெளியைச் சிலிக்கான் பசையால் அடைத்துவிட்டார்கள். நீளம் போதாத வயர்களை வெட்டி, வேறு வயர் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். அந்த ஒட்டுகள் எல்லாம் எஞ்சின் பக்கத்தில், துளைக்குக் கீழே. பானட் இடுக்கில் இறங்கும் தண்ணீர் வயர் கட்டின்மேலேயே வழிந்து நேரே அங்கே போய்த் தேங்கும்.

பெரியவர் ஒரு டேப்பை உரித்தார். உள்ளே செம்புக் கம்பி பச்சையாக இருந்தது. இன்னும் ஒரு விரற்கடை தோலை உரித்தார், அங்கும் பச்சை. செம்பு இழைகளின் இடுக்கில் ஈரம் தானாகவே ஊர்ந்து ஏறும். வெளியே புத்தம்புது பிளாஸ்டிக் தோல், உள்ளே அரித்த கம்பி. “வெளியூர்க்காரங்க வயரை மேல தொட்டுப் பார்த்துட்டு நல்லாருக்குன்னுடுவாங்க” என்றார்.

பொய் சொன்னது தண்ணீர்ச் சூட்டைச் சொல்லும் சென்சாரின் வயர். அந்தச் சென்சார் ஒரு எளிய பொருள்தான். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான ஓம், கொதிக்கும் நிலைக்கு அருகில் சில நூறு ஓம். நடுவே அரித்துப்போன ஒட்டு தன் பங்குக்குத் தடையைச் சேர்த்தால், கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொள்ளும். பழைய காரில் காலையில் நாம் சோக் இழுப்பதைப்போல அது பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். மே மாத நடுப்பகலில் எங்கள் வண்டி மார்கழிக் காலையில் கிளம்புவதாக நம்பிக்கொண்டு ஓடியிருக்கிறது. கறுப்புப் புகையின் காரணம் அவ்வளவுதான்.

ஒட்டை வெட்டிச் சரிசெய்தால் போதுமா என்று நண்பர் கேட்டார். “இங்க ஒட்டுனா மறுபடியும் அடுத்த வருஷம் வருவீங்க. துளையை மாத்தணும். போய் உப்பளத்தைப் பார்த்துட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

மரக்காணத்து உப்பளங்கள் 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்தவை. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து உப்புக்குப் பெயர்பெற்ற ஊர். பக்கத்தில் கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியாக இதைச் சொல்கிறார்கள். 2021 டிசம்பரில் இதைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. நாங்கள் போன பருவத்தில் வலசைப் பறவைகள் இல்லை. வெயிலும் வெள்ளையும்தான். சாலையோரம் தென்னங்கீற்று மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. பாத்திகளில் ஆட்கள் நீளக் கம்பு பூட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அதைத் தட்டில் சுமந்து மேட்டில் கொட்டினார்கள். தரையிலிருந்து எழும் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. காலில் துணியோ பிளாஸ்டிக் உறையோ கட்டாமல் இறங்குபவர்களின் பாதம் என்ன ஆகும் என்பதை அவர்கள் பாதத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். உப்பின் விலையைப் பேசும் யாரும் அந்தப் பாதத்தைக் கணக்கில் சேர்ப்பதாகத் தெரியவில்லை.

அடர்த்திமானியில் சுமார் 3 டிகிரி காட்டும் கடல்நீர் முதல் பாத்திக்கு வருகிறது. வெயிலில் காய்ந்து ஒவ்வொரு பாத்தியாக நகர நகர டிகிரி ஏறும். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். 25 டிகிரி அளவில்தான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியைத் தொடுவதற்குள் மிச்ச நீரை வெளியே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசக்கும். மானி இருந்தாலும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தும் கையில் தொட்டும் டிகிரி சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தக் கசப்பு நீரில்தான் எங்கள் வண்டியின் வியாதி இருக்கிறது. சுத்தமான சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசிந்து நீராகும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். கடலோரத்தில் காற்று அந்த அளவுக்குக் காய்வது அபூர்வம். கடலிலிருந்தும் பாத்தியிலிருந்தும் கிளம்பும் உப்புத்தூளில் இரண்டும் கலந்திருக்கும். அது ஒரு கனெக்டருக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் மழையே இல்லாத மே மாதத்திலும் முழுசாகக் காய்வதில்லை. ஈரமும் உப்பும் சேர்ந்தால் அது மின்சாரம் கடத்தும் திரவம். அதில் செம்பும் இரும்பும் பக்கத்தில் பக்கத்தில் நனைந்து நின்றால் இரும்பு கரையும். கரன்ட் ஓடும் வயராக இருந்தால் செம்பும் கரையும்.

இந்தப் பகையை முறையாகப் படித்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் நிறுத்தி அவை எவ்வளவு தேய்கின்றன என்று நெடுங்காலம் அளந்தது. கார் கம்பெனிகள் ஆய்வுக்கூடத்தில் 5 சதவீத உப்பு நீரை 35 டிகிரி வெப்பத்தில் பனியாகத் தூவிப் பாகங்களைச் சோதிக்கின்றன. புதுக் காரின் கனெக்டர்கள் அந்தச் சோதனையில் தேறி வந்தவை. ஒவ்வொரு வயருக்கும் கனெக்டர் வாயில் ஒரு குட்டி ரப்பர் வளையம் உண்டு. வயரை வெட்டி டேப் சுற்றும் கணத்தில் அந்தத் தேர்ச்சி ரத்தாகிவிடுகிறது. பழைய வண்டியில் புது எஞ்சின் வைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை ஏற்றுக்கொண்டால் பாதிச் சிக்கல் குறையும்.

வெயில் தாழ்ந்து திரும்பி வந்தபோது பெரியவர் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கனெக்டரிலிருந்து ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக உருவி எடுத்திருந்தார். வயரின் முனையிலுள்ள பித்தளைப் பல்லை விடுவிக்கக் குடைக் கம்பியைத் தட்டி நீவிச் செய்த ஒரு ஊசிதான் கருவி. எடுக்கும் முன் நண்பரின் செல்போனில் முன்னும் பின்னும் படம் எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய தாள் சுற்றியிருந்தார். எண் மாறினால் கம்ப்யூட்டர் புகைந்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் யாரையும் பேசவிடவில்லையாம், கடைப் பையன் சொன்னான். கனெக்டர் கழன்றுவிட்டால் வயர் கட்டு மெலிந்துவிடும். பெரிய துளையே தேவையில்லை.

அறுத்த ஓட்டைக்கு உள்ளிருந்து ஒரு தகடு வைத்து ரிவெட் அடித்து, விளிம்பெல்லாம் துத்தநாகப் பெயின்ட் பூசி மூடியிருந்தார். அதற்குச் சற்று மேலே, தண்ணீர் வழியாத இடத்தில் அளவாக ஒரு புதுத் துளை. விளிம்பின் பிசிறை அரத்தால் உரசி, பெயின்ட் காய்ந்தபிறகு லாரியிலிருந்து எடுத்த தடித்த ரப்பர் புஷ். வயர் கட்டு எஞ்சின் பக்கத்தில் துளைக்குக் கீழே ஒரு வளைவு இறங்கி, அப்புறம்தான் மேலேறித் துளைக்குள் போனது. வழியும் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். துளைக்கு இரு பக்கமும் கிளாம்ப். வண்டி குலுங்கும்போது வயர் தகட்டில் உராயாது. ஒட்டுகள் எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, நீளம் போதாத வயர்களை உள்பக்கத்தில், காய்ந்த இடத்தில் பற்றவைத்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டிருந்தார். கிராங்க் சென்சார் வயரை மட்டும் ஸ்பார்க் பிளக் வயர்களைவிட்டுத் தள்ளி வேறு வழியில் கொண்டுவந்திருந்தார். “அது ரொம்ப மெல்லிசா பேசும். பக்கத்துல கத்துனா கம்ப்யூட்டருக்குக் கேட்காது.”

நான் பழைய ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ குடிக்க வந்த உப்பளத்து ஆள் ஒருவர் எட்டிப் பார்த்து, “மடையைத் திறந்து விட்டுட்டுப் பாத்தியில தண்ணி வருதேன்னு அழுதிருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டறைக்காரர்களைப் பற்றி இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் எழுதிவிட முடியாது.

எர்த் விஷயத்திலும் பெரியவர் பிடிவாதம் பிடித்தார். எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரன்ட்டைக் கடத்தாது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் தடித்த செம்புப் பட்டை அரித்துப்போனால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கரன்ட் முழுவதும் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் சிவக்கச் சிவக்கக் காயும். புதிதாக இரண்டு பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, முடுக்கியபின் மேலே வாசலின் பூசினார். உப்பு லாரிக்காரர்கள் பேட்டரி முனையில் செய்வதும் அதுதான்.

சாவியைத் திருகியதும் ஆரஞ்சு விளக்கு எரிந்து அணைந்தது. சத்தம் சீரானது. பெரியவர் கேட்ட கூலி மிகக் குறைவு. நண்பர் கூட வைத்தபோது வாங்கிக்கொண்டார், நல்லவேளை.

இரவு நண்பரின் உறவினர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் பேச்சு இந்த மாதிரி மாற்று வேலைகளைப் பற்றிப் போனது. தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான கதை ஒன்று நடந்தது. பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, ஹெரால்டும் கெசலும் செய்த கம்பெனி, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு காரை விட்டது. உடம்பு எழுபதுகளின் இங்கிலாந்து ரோவர், பார்க்க ராஜ கம்பீரம். எஞ்சினோ நாற்பதுகளின் வான்கார்டு காருக்குச் செய்த பழைய இரண்டு லிட்டர். விலை அதிகம், ஓட்டம் மந்தம், பெட்ரோல் செலவு பயங்கரம். சில ஆண்டுகளில் கம்பெனியே மூடிக்கொண்டது. பழைய உடம்பில் புது எஞ்சின் வைப்பவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியதற்கு அந்தக் காரும் ஒரு காரணம்.

சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி எஞ்சினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் புது எண் ஏற வேண்டும். நண்பர் அதைச் செய்துவிட்டார். ஒரே கம்பெனி என்பது அங்கே உதவியதாகச் சொன்னார். ஆனால் 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதி, ஐம்பது வயது கடந்தும் எஞ்சினும் சேஸியும் பாடியும் பெரிய மாற்றமில்லாமல் இருக்கும் வண்டிகளுக்கு மட்டும்தான் ‘வி.ஏ.’ எழுத்துப் போட்ட தனி நம்பர் தருகிறது. இந்த அம்பாசடருக்கு ஐம்பது ஆனாலும் அந்த மரியாதை கிடைக்காது. நண்பருக்கு அதில் வருத்தமில்லை. எனக்குக் கொஞ்சம் உண்டு. அந்தப் பழைய எஞ்சின் இன்னும் அவர் வீட்டுக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடக்கிறது. மாற்றிய எதையும் திருப்பி மாற்ற முடியும் என்ற அளவில் வேலை செய்வதுதான் சரி என்பது என் கட்சி. பட்டறைக்காரர்கள் அறுத்த ஓட்டை அந்த வாய்ப்பையும் கொஞ்சம் அறுத்துவிட்டது.

மரக்காணம் போக நினைப்பவர்களுக்கு: உப்பு வாருவதைப் பார்க்க ஏப்ரல், மே நல்லது, கழுவெளியில் பறவை பார்க்க டிசம்பர், ஜனவரி. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை பார்த்துக் கிளம்புங்கள். 2020 நவம்பரில் நிவர் புயல் கரையேறியது இந்த ஊருக்கு அருகில்தான். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பக்கத்தையும் பானட் இடுக்குகளையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பழைய வண்டியில் எஞ்சின் மாற்றியவர்கள் போகும் முன்பே டார்ச் அடித்து ஃபயர்வாலைப் பாருங்கள். டேப் சுற்றிய ஒட்டு ஒன்றாவது துளைக்கு வெளிப்பக்கம் தெரிந்தால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மரக்காணம் போங்கள்.